ஆமைத்தாலி முதல் புலிநகம் வரை: குழந்தையின் கழுத்தில் விலங்குகளுக்கு என்ன வேலை?

குட்டிக் கண்ணன் தள்ளாடித் தள்ளாடி நடந்து வருகிறான். ஈறில் பல் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. இடுப்பில் சங்குமணி கோத்த வடம். கழுத்தில் ஓர் ஆமை.

உயிருள்ள ஆமை இல்லை. ஆமை வடிவில் செய்த சின்னஞ்சிறு தாலி. இதைப் பாடியவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரான பெரியாழ்வார். அவருடைய திருமொழியில், குழந்தை நடை பழகும் தளர்நடைப் பாசுரங்களில் இரண்டாவதில் இந்த ‘ஆமைத்தாலி’ வருகிறது. ஆண்டாள் கோயிலுக்கு நூறு முறை போய் வந்தவர்கள்கூட இந்த ஆமையைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

தாலி என்றதும் இன்று கல்யாணம்தான் நினைவுக்கு வரும். ஆனால் சங்கப் பாடல்களில் பல இடங்களில் தாலி என்பது பிள்ளைகளின் கழுத்தணி. தலையாலங்கானத்தில் போருக்கு நின்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பற்றி இடைக்குன்றூர் கிழார் பாடிய புறநானூற்றுப் பாடல் (77) இதற்கு நல்ல உதாரணம். இந்தப் பையன் பால்குடி மறந்து இன்றுதான் சோறு தின்றான், தாலியைக்கூட இன்னும் கழற்றவில்லை, அதற்குள் போர்க்களத்தில் நிற்கிறானே என்று புலவர் வியக்கிறார். அங்கே தாலி என்றால் ‘இன்னும் சின்னப் பிள்ளை’ என்பதற்கான அடையாள அட்டை. உரைகாரர்கள் அதை ஐம்படைத் தாலி என்று விளக்குகிறார்கள். திருமாலின் சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஆகிய ஐந்தையும் குட்டி குட்டியாகச் செய்து கோத்த அணி அது. மணிமேகலையிலும் கம்பராமாயணத்திலும் வருகிறது. பெரியாழ்வாரும் விடவில்லை: கண்ணனுக்குத் தேவர்கள் தொட்டில் பரிசுகள் அனுப்பும் பாசுரங்களில், ஐம்படையை அனுப்புபவர் குபேரன்.

ஆயுதம் பிள்ளையைக் காக்கும் என்பது எளிதாகப் புரிகிறது. விலங்கு எப்படிக் காக்கும்?

புலிப்பல் கோத்த தாலி

ஆமைக்கு முன்பே புலி வந்துவிட்டது. குறுந்தொகை 161-ல் புலிப்பல் தாலி அணிந்த பிள்ளைகளைத் தாய் அணைத்துக்கொள்கிறாள். புறநானூறு 374-ல் வேட்டுவர் வீட்டுச் சிறுவர்களின் கழுத்தில் அதே அணி. அகநானூறு 7-ல் காதலனோடு ஊரைவிட்டுப் போய்விட்ட பெண்ணைத் தேடும் செவிலித்தாய் சொல்லும் அடையாளங்களில் புலிப்பல் கோத்த தாலியும் ஒன்று. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் கொற்றவைக் கோலம் பூணும் குமரிக்கும் புலிப்பல்தான் பூட்டுகிறார்கள். பெரியபுராணத்தில் கண்ணப்பர் குழந்தையாக இருக்கும்போது நெற்றியில் ஆடுவது புலிநகச் சுட்டி.

தமிழகத்துக்கு வெளியிலும் இதே கதைதான். குப்தர் காலச் சிற்பங்களில் ஓர் இளைஞன் முருகன்தானா என்று தெரிந்துகொள்ள, ஆய்வாளர்கள் கழுத்தைப் பார்ப்பார்கள். புலிநக மாலை இருந்தால் பெரும்பாலும் முருகன். தேவர்களின் படைத்தளபதிதான்; ஆனாலும் பிள்ளை, பிள்ளைதான்.

இவற்றுக்குப் பின்னால் உள்ள எண்ணம் சிக்கலானது இல்லை. புலியைக் கண்டால் எல்லாம் ஓடும். அந்தப் புலியின் ஒரு துண்டு கழுத்தில் இருந்தால் பிள்ளையைச் சீண்ட வரும் எதுவும் ஓடும். கொன்றவனின் வீரமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆமை அப்படிப்பட்ட வீரன் இல்லை. அதனிடம் இருப்பது ஓடு. ஆபத்து வந்தால் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நீண்ட நாள் வாழும். பிள்ளைக்கு வேண்டியதும் அந்த இரண்டும்தானே.

நைல் நதிக்கரையில் இதே கடை

இந்த யோசனையை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் பண்டைய எகிப்தியர்கள். கி.மு. 4000-க்கும் முந்தைய பதாரி காலக் கல்லறைகளிலேயே நீர்யானை வடிவத்திலும் மான்தலை வடிவத்திலும் தாயத்துகள் கிடைத்துள்ளன. அதற்குப் பிறகு நாலாயிரம் ஆண்டு இந்தத் தொழில் நிற்கவே இல்லை. விரல் நுனி அளவுக்கு மீன், தவளை, பூனை, முதலை, பருந்து, சாணவண்டு என்று அவர்கள் செய்யாத உருவம் குறைவு.

எகிப்திய மொழியில் தாயத்துக்கான சொற்களில் ஒன்று ‘மேகெத்’. காப்பது என்ற வினையிலிருந்து பிறந்த சொல். தமிழில் கையில் போடும் வளையத்துக்கும் ‘காப்பு’, காப்பாற்றுவதற்கும் ‘காப்பு’ என்று இருப்பதைப் போலவே. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதல் பருவத்துக்குப் பெயரே காப்புப் பருவம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அவர்களுடைய விலங்குகள் இரண்டு வகை. ஒன்று, அதன் குணம் தனக்கு வேண்டும் என்று அணிவது. சாணவண்டு உருட்டும் உருண்டையிலிருந்து குஞ்சுகள் வெளிவருவதைப் பார்த்தவர்கள், அது தானாகவே மறுபிறவி எடுக்கிறது என்று நினைத்தார்கள். அதனால் அது மறுவாழ்வின் சின்னம். தவளை பிரசவத்துக்குக் காவல். இன்னொன்று, பயந்து அணிவது. நைல் நதியில் படகைக் கவிழ்க்கும் நீர்யானையைப் போல ஆபத்தானது வேறில்லை. அதையே இரண்டு காலில் நிற்கவைத்து, பெருத்த வயிற்றோடு ‘தாவெரெத்’ என்ற தெய்வமாக்கி, கர்ப்பிணிகளின் காவலுக்கு நிறுத்திவிட்டார்கள். ஊர் ரவுடியையே வாட்ச்மேன் ஆக்கிய மாதிரி.

ஆமை அங்கேயும் இருந்தது. பழைய காலத்தில் ஆமைத் தாயத்துகள் உண்டு. பின்னாளில் அது இருட்டில், சேற்றுக்கடியில் வாழும் பிராணி என்பதால் சூரியக் கடவுளின் எதிரியாகக் கருதப்பட்டது. தமிழ்நாட்டிலும் ஒரு பக்கம் கூர்மாவதாரம், இன்னொரு பக்கம் ‘ஆமை புகுந்த வீடு’ என்ற பேச்சு. ஒரே விலங்கு, இரண்டு ஊரிலும் இரட்டை வேடம்.

சிறுமிகளின் தலைமுடியில் தொங்கிய மீன் தாயத்து தனிக் கதை. நீரில் மூழ்காமல் காக்க அதை அணிவித்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பெர்லினில் உள்ள ‘வெஸ்ட்கார் பாப்பிரஸ்’ என்ற பழைய ஏட்டில் இதை வைத்து ஒரு கதை உண்டு. ஸ்நெஃப்ரு மன்னனுக்காக ஏரியில் படகு வலிக்கும் பெண்களில் ஒருத்தியின் நீலமணி மீன் தண்ணீரில் விழுந்துவிடும். அவள் துடுப்பை நிறுத்திவிடுவாள். ‘வேறு ஒன்று தருகிறேன்’ என்பான் மன்னன். ‘அதைப் போன்றது வேண்டாம், அதுவேதான் வேண்டும்’ என்பாள் அவள். கடைசியில் மந்திரவாதி வந்து, ஏரித் தண்ணீரைப் பாதிக்குப் பாதி மடித்துவைத்து மீனை எடுத்துக் கொடுப்பார்.

‘அதுவேதான் வேண்டும்.’ இந்தப் பிடிவாதம் ராஜபாளையத்து வீடுகளுக்கும் புதிதில்லை.

அசலும் நகலும்

தொட்டிலிடும் நாளில் நடக்கும் உரையாடல் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். “புலிநகம் போட்டா புள்ள பயப்படாதும்மா, உங்க மாமாவுக்குப் போட்டதுதான் இது” என்று அம்மாச்சி பீரோவைத் திறப்பார். “அம்மாச்சி, அது கேஸ் ஆயிரும்” என்று பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த பேத்தி பதறுவாள். “பரம்பரையா இருக்கிறதுக்கு என்ன கேஸ்?”

கேஸ்தான். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு புலி. அதன் நகம், பல், தோல் எதையும் உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே குற்றம்; விற்பதும் வாங்குவதும் சொல்லவே வேண்டாம். 2022-ல் திருத்தப்பட்ட சட்டப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். வெறும் மிரட்டல் இல்லை இது. 2023 அக்டோபரில் கன்னட பிக் பாஸ் போட்டியாளர் ஒருவர் கழுத்தில் புலிநகத்தோடு டிவியில் தோன்ற, கர்நாடக வனத்துறை அவரை நிகழ்ச்சியின் நடுவிலேயே கைது செய்தது. அடுத்த சில நாளில் சில நடிகர்களின் வீட்டுக் கதவையும் தட்டியது.

பழைய பொருள் வைத்திருந்தவர்களுக்கு 2003-ல் 180 நாள் அவகாசம் தரப்பட்டது. அப்போதே அறிவித்துப் பதிந்துகொண்டிருக்க வேண்டும். உரிமைச் சான்றுள்ள பொருள் வாரிசாக வந்தால், 90 நாளுக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சான்று இல்லாமல் பீரோவில் கிடப்பது ‘பரம்பரை’ என்ற ஒரே காரணத்தால் சட்டப்படி சரியாகிவிடாது. அதை விற்பதோ, தெரிந்தவருக்குக் கைமாற்றுவதோ நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு வனத்துறை அலுவலகத்தை அணுகுவதே புத்திசாலித்தனம்.

ராஜபாளையத்தில் இந்தப் பேச்சுக்குக் கூடுதல் கனம் உண்டு. ஊருக்கு மேற்கே அய்யனார் கோயில் அருவிக்குப் போகிற வழியில் தொடங்கும் காடு, சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-ல் சரணாலயம் ஆன காடு. 2021 பிப்ரவரியில் அதையும் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அது 5-வது, இந்தியாவில் 51-வது. 2022 கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு முழுவதற்கும் புலிகள் 306. ஒரு புலிக்கு நகங்கள் 18. முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நான்கு நான்கு. ஒரு பதக்கத்துக்கு வழக்கமாக இரண்டு நகம். ஒரு முழுப் புலியைக் கொன்றால் ஒன்பது பிள்ளைகளுக்குத்தான் காவல் கிடைக்கும். இந்த வியாபாரம் கணக்குப்படியே கட்டுபடியாகாது.

இதில் இன்னொரு கூத்து, சந்தையில் ரகசியமாகக் கைமாறும் ‘ஒரிஜினல்’ நகங்களில் மாட்டுக் கொம்பையும் குளம்பையும் செதுக்கிச் செய்தவை உண்டு. பிடிபட்டால் நகம் நிஜமா பொய்யா என்பது ஆய்வகம் சொன்ன பிறகுதான் தெரியும். அதுவரை அலைச்சல் நிஜம். யானைமுடி மோதிரமும் இப்படித்தான்: நிஜமென்றால் சட்டச் சிக்கல், பொய்யென்றால் நைலான்.

அப்படியென்றால் மரபு போச்சா? இங்கேதான் எகிப்து உதவிக்கு வருகிறது. சித்-ஹத்தோர்-யுனெத் என்ற இளவரசி ஏறக்குறைய 3,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவள். லாஹூன் என்ற இடத்தில் அவளுடைய கல்லறையை 1914-ல் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரியின் குழு தோண்டியபோது கிடைத்த நகைகளில், செவ்வந்திக்கல் மணி கோத்த காலணி ஒன்று. அதில் தொங்குபவை விலங்கு நகங்கள். ஆனால் எல்லாமே தங்கத்தில் செய்தவை. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசனின் மகள். வேண்டுமென்றால் நிஜ நகமே கிடைத்திருக்கும். தங்க நகம் போதும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

அரசகுலத்துக்கே அப்படியென்றால் சாதாரண மக்கள்? அவர்களின் தாயத்துகளில் பெரும்பாலானவை ‘ஃபயான்ஸ்’ என்ற பொருளில் செய்தவை. படிகக்கல் பொடியைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டால் நீலப்பச்சையாகப் பளபளக்கும். விலை உயர்ந்த நீலமணிக்கு மலிவான மாற்று. அது நகல் என்று அணிந்தவருக்கும் தெரியும், செய்தவருக்கும் தெரியும். வடிவமும் நிறமும் சரியாக இருந்தால் காவலும் சரியாக இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

பெரியாழ்வாரின் ஆமையும் இதே கட்சிதான். யாரும் ஓர் ஆமையைப் பிடித்து ஓட்டைக் கழற்றிக் கண்ணனுக்கு மாட்டவில்லை; ஆமை போல ஒன்றைச் செய்து போட்டார்கள். நகைக்கடைகளில் இன்று கிடைக்கும் தங்கத்தில் வார்த்த ‘புலிநக மாடல்’ டாலரை அம்மாச்சியிடம் காட்டி, ‘இது டூப்ளிகேட் இல்லை, இதுவும் பழைய முறைதான்’ என்று தைரியமாகச் சொல்லலாம். வெஸ்ட்கார் கதைப் பெண்ணைப் போல அவர் அடம் பிடித்தால், 7 வருடக் கணக்கைச் சொல்லிப் பார்க்க வேண்டியதுதான்.

சங்கரன்கோவில் தேள்

பயந்ததையே காவலாக்கும் எகிப்திய வழக்கத்துக்குப் பக்கத்து ஊரிலேயே ஜோடி இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து தெற்கே போனால் சங்கரன்கோவில். சங்கரநாராயணர் கோயிலில் வெள்ளியிலோ தகட்டிலோ செய்த பாம்பு, தேள் உருவங்களை வாங்கி உண்டியலில் போடுவது வழக்கம். வீட்டில் பாம்பு நடமாட்டம், பூச்சித் தொல்லை என்றால் நேர்ந்துகொள்வார்கள். பிரசாதம் புற்றுமண், உடம்பில் பூசிக்கொள்வார்கள், வீட்டுக்கும் எடுத்துப்போவார்கள்.

எகிப்தில் இதன் வடிவம் வேறு. குழந்தை ஹோரஸ் முதலைகளின் மேல் நின்று, இரண்டு கையிலும் பாம்பையும் தேளையும் பிடித்திருப்பதாகக் கல்லில் செதுக்குவார்கள். சுற்றிலும் மந்திர எழுத்து. அந்தக் கல்லின் மேல் தண்ணீர் ஊற்றி, வழிந்த தண்ணீரைக் கடிபட்டவர்களுக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். இவற்றில் புகழ்பெற்ற ‘மெட்டர்நிக் கல்’ இரண்டாம் நெக்தானெபோ என்ற மன்னன் காலத்தது, கி.மு. 4-ம் நூற்றாண்டு. மண்ணும் தண்ணீரும் மாறியிருக்கின்றன. கடிக்கும் உயிரை உருவமாக்கி அதனோடு ஓர் உடன்பாட்டுக்கு வரும் முறை மாறவில்லை. (இன்று பாம்போ தேளோ கடித்தால் முதலில் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனை. மற்றதெல்லாம் பிறகு.)

கடவுளுக்கே காப்பு

காவல் என்ற விஷயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. எல்லா ஊரிலும் ‘சாமி, என்னைக் காப்பாத்து’ என்பார்கள். பெரியாழ்வார் சாமியைக் காப்பாற்றக் கிளம்பியவர். மதுரையில் பாண்டியன் சபையில் வென்று யானைமேல் ஊர்வலம் வந்தபோது, வானில் கருடன்மேல் பெருமாள் தோன்றினார், ‘இந்த அழகுக்குக் கண் பட்டுவிடுமே’ என்று பதறி ஆழ்வார் பல்லாண்டு பாடினார், யானையின் மணிகளே தாளம் என்பது வைணவ மரபு சொல்லும் வரலாறு. அந்தத் திருப்பல்லாண்டுதான் இன்றும் நாலாயிரத்தின் தொடக்கம். அந்தி நேரத்தில் விளையாட்டை விட்டு வா, உனக்குக் காப்பு இட வேண்டும் என்று கண்ணனைக் கூப்பிடும் பத்துப் பாசுரங்களும் அவருடையவைதான். ஆமைத்தாலியை அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், அது அலங்காரம் மட்டும் இல்லை என்பது தெரியும்.

பிள்ளைகளில் பாதி தவறிப்போகும் காலத்தில் வாழ்ந்த பெற்றோரின் பயம் இவற்றில் எல்லாம் ஒளிந்திருக்கிறது. தடுப்பூசி வந்த பிறகு பயம் குறைந்திருக்கிறது; கயிறு குறையவில்லை. ஆனால் கயிற்றால் வரும் ஆபத்தும் உண்டு. பல் முளைக்கும் பிள்ளைகளுக்குப் போடும் மணிமாலைகள் பற்றி 2018 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. 18 மாதக் குழந்தை ஒன்று தூக்கத்தில் மாலை கழுத்தை இறுக்கி இறந்தது அதில் குறிப்பிடப்பட்ட சம்பவங்களில் ஒன்று. மணி அறுந்து வாயில் போனால் மூச்சடைக்கும். விசேஷத்துக்குப் போட்டு, போட்டோ எடுத்து, தூங்கவைக்கும் முன் கழற்றிவிடலாம். தங்கமாக இருந்தாலும் சரி, கறுப்புக் கயிறாக இருந்தாலும் சரி. அம்மாச்சிக்கு மனசு கேட்காவிட்டால் தொட்டில் கம்பில், குழந்தையின் கை எட்டாத உயரத்தில் கட்டலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் விலங்குருவம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புகிறவர்களுக்கு வனத்துறை கேள்வி கேட்காத ஒன்று இருக்கிறது. ஆண்டாளின் இடது கையில் இருக்கும் பச்சைக்கிளி. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு, காக்காப்பொன்னில் கண், வாலுக்கு அரளி மொட்டு, தாங்கி நிற்க மூங்கில் குச்சி. செய்து முடிக்க நாலைந்து மணி நேரம் ஆகும். முந்தைய நாள் கிளி யாரோ ஒரு பக்தரின் வீட்டுக்குப் பிரசாதமாகப் போய்விடும். சாயங்காலத்துக்குள் அடுத்த கிளி தயாராகிவிடும்.